‘செயல்படுத்தப்பட்ட அடுக்குக் களிமண்’ வேண்டாமே!

நண்பர்களே,

மெல்லிய தகடுகளாலான களியில் வேதித் தொகுதிகளைச் சேர்த்துப் பெறும் பொருளை ஆங்கிலத்தில் ‘ஃபங்ஷனலைஸ்டு லேயர்டு கிளே’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட ‘செயல்படுத்தப்பட்ட அடுக்குக் களிமண்’ என்ற தொடரில் ஒவ்வொரு சொல்லும் எனக்கு உறுத்துகிறது. திட்டத்தைச் செயல்படுத்தலாம், சட்டத்தைச் செயல்படுத்தலாம். களிமண்ணை எப்படிச் செயல்படுத்துவது? போதாக்குறைக்கு, எண்ணெயின் நிறம் நீக்க அமிலத்தில் பதப்படுத்திய ‘கிளர்வுற்ற களிமண்’ என்று வேறொரு பொருள் இருக்கிறது. படிப்பவர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிக்கொள்வார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். மான்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமத்தில் ஒரு தகட்டின் தடிமன் ஏறக்குறைய 1 நானோமீட்டர். இரண்டு சிலிகா விரிப்புகளுக்கு நடுவே ஓர் அலுமினா விரிப்பு. அலுமினியத்தின் இடங்கள் சிலவற்றில் மெக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் தகட்டுக்கு எதிர்மின்சுமை. அதை ஈடுகட்டத் தகடுகளுக்கிடையே சோடியம், கால்சியம் அயனிகள். இவை எளிதில் இடம்விட்டுப் போகக்கூடியவை. நீண்ட கரிமச் சங்கிலியுள்ள நான்கிணைய அம்மோனியம் உப்பின் (நைட்ரஜனோடு நான்கு கரிமத் தொகுதிகள் இணைந்த உப்பு) கரைசலில் இந்தக் களியைக் கலக்கினால் சோடியம் வெளியேறும், சங்கிலி உள்ளே நுழையும். தகட்டின் தடிமனையும் சேர்த்து 1.2 நானோமீட்டர் அளவில் இருந்த தகட்டு இடைத்தூரம் 2 நானோமீட்டரை நெருங்கும்.

மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாதாரண சோடியம் களித்தூளை ஒரு சிட்டிகை தண்ணீரில் தூவினால் உப்பிக் கூழாகிறது. சங்கிலி நுழைந்த தூளைத் தூவினால் நனையாமல் மேலேயே மிதக்கிறது. அதையே டொலுவின் என்ற கரிமக் கரைப்பானில் போட்டால் அங்கே உப்புகிறது. நீரை விரும்பிய களி எண்ணெய்ப் பக்கம் சாய்ந்துவிட்டது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘அடுக்கு’ என்பது அடுக்கி வைத்த மொத்தத்தையும் குறிக்கும், அதில் ஒன்றையும் குறிக்கும். ‘இடையடுக்கு’ என்று எழுதினால் தகடுகளுக்கிடையே உள்ள வெளியா, நடுவில் இருக்கும் இன்னொரு தகடா என்று குழப்பம் வரும். ‘ஏடு’ என்றால் ஒன்றுதான், மெல்லியதுதான். ‘ஏட்டிடை வெளி’ என்பதில் குழப்பமே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று கேலி செய்பவர்கள் செய்யட்டும். ஏட்டை ஏற்றுக்கொண்டால் மற்ற சொற்கள் தாமே வந்து சேர்கின்றன. ஏடுகளுக்கிடையே மூலக்கூறு நுழைவது ‘இடைச்செருகல்’. சுவடிப் பதிப்பாளர்கள் திட்டித் திட்டிப் பழக்கிய சொல் இங்கே நல்ல வேலைக்கு வருகிறது. ஏடுகள் முழுவதும் பிரிந்து சிதறுவது ‘ஏடவிழ்தல்’. ஏடு என்றால் பூவிதழும்தான். ‘ஏடவிழ் தார்’ பழைய செய்யுள் வழக்கு. நைலானில் ஏடவிழ்ந்து பரவிய களி, சில சதவீத அளவிலேயே பொருளை விறைப்பாக்குகிறது. ‘களிமண்’ணில் மண்ணை விட்டுவிடலாம், நாம் பேசுவது கனிமத்தை.

சிக்கல் ‘ஃபங்ஷனலைஸ்டு’ என்ற முதல் சொல்லில்தான். ‘பண்பேற்றிய’ என்று ஒருவர் சொன்னார். அழகான சொல், ஆனால் இயற்பியல் பாடநூல்களில் பண்பேற்றம் (மாடுலேஷன்) வானொலி அலைக்குப் போய்விட்டது. ‘திருத்திய’ என்றால் களி ஏதோ தவறு செய்தது போலிருக்கிறது. ‘ஒட்டிய’ என்பது சிலிக்கன் சேர்மங்களான சிலேன் மூலக்கூறுகளைச் சகப்பிணைப்பால் (எலக்ட்ரான்களைப் பகிரும் உறுதியான பிணைப்பு) ஏட்டின் விளிம்பில் இணைக்கும் முறைக்குப் பொருந்தலாம். அயனிமாற்றத்தில் நுழைந்ததற்குப் பொருந்தாது.

என் முன்மொழிவு ‘பூண்’. அணி பூணுவது கழற்றக்கூடியது, அயனி போல. உலக்கைப் பூண் கழலாமல் இறுகியது, சகப்பிணைப்பு போல. இரண்டுக்கும் ஒரே சொல் இடம் தருகிறது. ஒரு மூலக்கூறின் வேதிவினையைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டம், பாடநூல்களில் வினைச்செயல் தொகுதி என்றும், இலங்கை வழக்கில் தொழிற்பாட்டுக் கூட்டம் என்றும் வழங்குகிறது. அதன் சுருக்கமாக ‘வினை’யை முன்னால் வைத்தால் ‘வினைபூண் ஏட்டுக்களி’. குறிப்பிட்ட தொகுதியை, கந்தகம் கொண்ட தயாலை, சொல்ல வேண்டுமானால் அதையே முன்னால் வைக்கலாம்: “தயால்பூண் ஏட்டுக்களி நீரிலுள்ள பாதரச அயனிகளைப் பற்றிக்கொள்கிறது.” படித்துப் பாருங்கள், நாக்கு இடறவில்லை.

கடினமான சோதனை ஒன்றும் உண்டு. மெக்னீசியம் குளோரைடையும் அமீன் (நைட்ரஜன் கொண்ட தொகுதி) உள்ள சிலேனையும் எத்தனாலில் சேர்த்துக் கலக்கினால் அறை வெப்பநிலையிலேயே ஒரு களி படிகிறது. அதில் அமீன் பிறகு சேர்க்கப்பட்டதன்று, ஏடு உருவாகும்போதே உடன் பிறந்தது. ஏற்றிய, ஒட்டிய, செருகிய எல்லாம் இங்கே பொய்யாகிவிடும். ஆனால் கர்ணன் கவச குண்டலம் பூண்டே பிறந்தான் என்று சொல்கிறோமே! ‘அமீன்பூண் களி’ இங்கும் நிற்கிறது. தண்ணீரில் அமீன்கள் புரோட்டான் ஏற்று ஒன்றையொன்று விலக்க, அது ஏடவிழ்ந்து தெளிந்த கரைசல் போலாகிவிடுகிறது. உலோக நானோதுகள்களைத் தாங்கி நிறுத்த ஆய்வாளர்கள் இதை விரும்புவது அதனால்தான்.

செயலைக் குறிக்க ‘வினைபூட்டல்’ என்கிறேன். பூட்டு என்றதும் சாவி நினைவுக்கு வரும் என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். நகை பூட்டுகிறோம், ஏர் பூட்டுகிறோம் என்பதே என் பதில். இன்னும் முடிவு காணாதது ஒன்று. நேர்மின்சுமையுள்ள ஏடுகளும் இடையே எதிரயனிகளும் கொண்ட ஹைட்ரோடால்சைட் வகைகளை ‘எதிரயனிக் களி’ என்பதா, சிலிக்கேட்டே இல்லாததால் களி என்ற பெயரையே விட்டு ‘ஏட்டு இரட்டை ஹைட்ராக்சைடு’ என்பதா? நான் இரண்டாவதன் பக்கம். வேதியியல் நண்பர்கள் சொல்லட்டும்.