புதுப்பிப்பு: சொந்தப் பாட்டுக்காரங்களுக்கு வருமானம், டீ-ஷர்ட் கணக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சொந்தப் பாட்டு போடுறவங்களுக்குக் காசு எங்கிருந்து வரும்னு முன்னாடி எழுதின இழைக்கு இது தொடர்ச்சி. "ஸ்பாட்டிஃபையில பாட்டு ஓடுது, பணம் வரலையே"ன்னு கேட்டிருந்தீங்க. 2024லிருந்து, ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடினாத்தான் அதுக்கு ராயல்டி, அதாவது பாட்டு ஓடுறதுக்கான பங்குத் தொகை. வரியும் மெட்டும் உங்களோடதுன்னா ஐபிஆர்எஸ்ல (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலிச்சுத் தர்ற அமைப்பு) தனியா உறுப்பினராகுங்க.

உடனே கையில காசு தர்றது, உங்க டிசைன் அச்சடிச்சு ரசிகர்களுக்கு விக்கிற டீ-ஷர்ட்தான். முதல்ல 50 போதும்: எஸ் 6, எம் 14, எல் 16, எக்ஸ்எல் 10, டபுள் எக்ஸ்எல் 4. ஸ்கிரீன் பிரிண்ட்ல (வலைச் சட்டம் வழியா மை தள்ளி அச்சடிக்கிறது) ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிக் கூலி. அதனால ஒரே நிறத்துல டிசைன் பண்ணுங்க. பிளாஸ்டிசால்ங்கிற பிளாஸ்டிக் மை சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டுல அடிவரைக்கும் வேகலைன்னா, சில துவைப்புலயே வெடிச்சு உதிரும். வாங்கினவர் அடுத்த தடவை உங்ககிட்ட வரமாட்டார். அச்சுக்காரருக்குப் பணம் கொடுக்கும் முன்னாடி, ஆறின சட்டை ஒண்ணை எடுத்து அச்சு மேல ரெண்டு கையாலயும் இழுத்துப் பாருங்க. விரிசல் விட்டா மொத்தத்தையும் மறுபடி சூடேத்தச் சொல்லுங்க.