புதுப்பிப்பு: கிராமத்து வீட்டில் செல்பேசி சிக்னல்

தகரக் கூரை போட்ட எங்கள் கிராமத்து வீட்டுக்குள் சிக்னல் மைனஸ் 118 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) அளவிலேயே நிற்பதால் பேச்சு பாதியில் அறுந்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கூரைக்கு மேல் கம்பம் நட்டு, செல்பேசிக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கி யாகி ஆன்டெனா (ஒரே திசையில் குவிந்து சிக்னலை வாங்கும் ஆன்டெனா) ஒன்றைப் பொருத்தி, அதை 4ஜி ரவுட்டருடன் இணைத்த பிறகு, அளவு மைனஸ் 100 வரை ஏறியிருக்கிறது. வீட்டுக்குள் வைஃபை வழியாகவே தடங்கலின்றிப் பேச முடிகிறது. ஆன்டெனாவைச் சற்றுத் திருப்பினாலே எண் மாறுகிறது என்பதால், ஒருவர் மேலே மெல்லத் திருப்ப, மற்றவர் கீழிருந்து ரவுட்டர் காட்டும் எண்ணைப் படித்துச் சொல்வது நல்லது. கேபிள் நீள நீள, ஆன்டெனா ஈட்டித் தந்ததை அதுவே தின்றுவிடும். ஆகவே ரவுட்டரைக் கூரைக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். பூஸ்டர் (சிக்னலை வாங்கிப் பெருக்கி மீண்டும் அனுப்பும் கருவி) வாங்கச் சொன்னவர்களுக்கு: பல நாடுகளில் அனுமதியின்றி அதை இயக்குவது சட்டவிரோதம், தவிர, அதன் உள் ஆன்டெனாவும் வெளி ஆன்டெனாவும் நெருங்கியிருந்தால், ஒன்றின் சிக்னலை மற்றொன்று வாங்கிப் பெருக்கி, கோபுரத்துக்கே இடையூறு செய்யும்.