விண்டோஸ் ஏறலை, பேஜ்மேக்கர் ஃபைலை எப்படி எடுக்கறது?

டிடிபி_கொழிஞ்சாம்பாறை
விண்டோஸ் 10 அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருச்சுங்க. இப்ப நீலத் திரையில "இனாக்சசிபிள் பூட் டிவைஸ்"னு வருது. ரிப்பேர் பண்ணிப் பார்த்துட்டு மறுபடி அதே இடத்துல வந்து நிக்குது. பேஜ்மேக்கர்ல (பக்கம் வடிவமைக்கற சாஃப்ட்வேர்) செஞ்ச தமிழ், மலையாளம் கல்யாணப் பத்திரிகை ஃபைல் 40 ஜிபி கிட்ட இருக்கு. 500 ஜிபி சாட்டா ஹார்ட் டிஸ்க். ஃபார்மேட் பண்ணச் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி ஃபைலை எடுக்க முடியுங்களா?

வன்பொருள்_பொள்ளாச்சி
தாராளமா முடியுங்க. ஃபார்மேட்டுக்கு இப்ப ஒத்துக்காதீங்க.

முதல்ல பயாஸ்ல (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங் திரை) தேதியைப் பாருங்க. பழைய வருஷம் காட்டுச்சுன்னா மதர்போர்டுல இருக்கற சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்து செட்டிங் எல்லாம் அழிஞ்சிருக்கு. அப்ப சாட்டா மோடு (டிஸ்க்கோட பேசற முறை) ஏஎச்சிஐ-ல இருந்து மாறியிருந்தாலும் இதே எர்ரர் வரும். பழையபடி மாத்தினா விண்டோஸே ஏறிரும்.

அது இல்லைன்னா, வேற கம்ப்யூட்டர்ல லினக்ஸ் மின்ட் (பென்டிரைவ்ல இருந்தே ஓடற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர் மூலமா 8 ஜிபி பென்டிரைவ்ல ஏத்துங்க. பென்டிரைவ்ல இருக்கறதெல்லாம் அழிஞ்சிரும். டெல், லெனோவான்னா எஃப்12, எச்பின்னா எஃப்9 அழுத்தி அதுலயே பூட் பண்ணுங்க. டெஸ்க்டாப்ல "இன்ஸ்டால்"னு ஒரு ஐகான் இருக்கும், அதைத் தொடவே கூடாது. ஃபைல் மேனேஜர்ல இடது பக்கம் உங்க டிஸ்க் தெரியும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள உங்க பேருல இருக்கறதை முழுசா எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க. ரீட் ஒன்லியாத் திறந்தா பயப்படாதீங்க, படிச்சு எடுக்க அது போதும். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஃபேட்32 ஃபார்மேட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட் வேணும்.

லினக்ஸ்_வேலந்தாவளம்
காப்பிக்கு முன்னாடி மின்ட்லயே "டிஸ்க்ஸ்"ங்கற புரோகிராமைத் திறந்து ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறிச்சு வைக்கறது) பாருங்க. "கரன்ட் பெண்டிங் செக்டர்" (சரியாப் படிக்க முடியாத இடங்களோட எண்ணிக்கை) பூஜ்யமா இல்லைன்னா டிஸ்க்கே போய்க்கிட்டிருக்கு. அப்ப ஃபைல் ஃபைலா இழுக்காதீங்க. டிடிரெஸ்க்யூங்கற லினக்ஸ் மீட்புக் கருவியில மொத்த டிஸ்க்கையும் அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அந்த நகல்ல இருந்து ஃபைலை எடுங்க. எதுவரைக்கும் எடுத்துச்சுன்னு குறிச்சு வைக்கற மேப் ஃபைலுக்குப் பேரு கொடுத்து ஓட்டுங்க, நடுவுல நின்னாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். விண்டோஸோட செக்டிஸ்க் மட்டும் ஓட்டிராதீங்க. அது ஃபைல் அமைப்பைச் சரி பண்றேன்னு டிஸ்க்குலயே எழுதும், சாகற டிஸ்க்குல அதுதான் ஃபைலைக் கெடுக்கறது.

பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா 48 இலக்க ரெகவரி கீ கேக்கும். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல சேமிச்சிருந்தா மொபைல்லயே பார்த்துக்கலாம்.

டிடிபி_கொழிஞ்சாம்பாறை
தேதி சரியா இருக்குங்க. மின்ட்ல டிஸ்க் திறந்துருச்சு, பெண்டிங் செக்டர் 0. யூசர்ஸ் மட்டும் எடுத்தாப் போதுங்களா?

வன்பொருள்_பொள்ளாச்சி
போதாதுங்க, உங்க தொழிலுக்கு எழுத்துரு வேணும். பாமினி, கார்த்திகா மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது யூனிகோட் (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) இல்லை. ஃபான்ட் இல்லாமத் திறந்தா மணமக்கள் பேரெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமா நிக்கும். சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கற ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுங்க. ஃபைல் பேரும் ஃபான்ட் பேரும் ஒண்ணா இருக்காது, அதனால பொறுக்கி எடுக்காதீங்க. பத்திரிகையில வச்ச சாமி படமும் பார்டரும் டி டிரைவ்ல இருந்தா அந்த ஃபோல்டரையும் அதே பேரோட எடுங்க. பேஜ்மேக்கர் பெரிய படத்தை உள்ள வச்சுக்காம இணைப்பா மட்டும் வச்சிருக்கும், இடம் மாறினா அச்சுல மங்கலா விழும்.