ஆதர்ஃபீல்டில் கிடைத்த கல் இறால்

இங்கிலாந்தின் தெற்கே இருக்கும் வைட் தீவுக்குப் புதைபடிவம் தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு டைனோசர் எலும்பு மேல்தான் கண். எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் ஆதர்ஃபீல்டு முனைக்குக் கீழே, அலை இறங்கிய நேரத்தில் கிடைத்தது ஒரு பழுப்புக் கல் உருண்டை. அதன் ஒரு பக்கத்தில் ஒரு இறாலின் வால் கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. டைனோசரை அந்த நிமிடமே மறந்துவிட்டேன்.

அந்தக் கரையின் அமைப்பே அழகானது. டைனோசர் எலும்புகள் வருவது பழைய ஆற்றுச் சமவெளி மண்ணிலிருந்து. ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் அந்த நிலத்தின் மேல் ஏறி வந்தது. அப்போது படிந்த களிமண்ணில்தான் இந்த இறால்கள் கிடக்கின்றன. பாறைச் சுவரைத் தோண்ட வேண்டியதில்லை, தோண்டவும் கூடாது. அடிக்கடி சரிகிற இடம் அது. கடல் கழுவிக் கொண்டுவந்து போட்டதைப் பொறுக்கினாலே போதும்.

என் கல்லில் இருந்த இறாலின் கால்களில் பாதிக்கு மேல் உதிர்ந்து போயிருந்தன. இதை வைத்து என்ன இனம் என்று எப்படிச் சொல்வார்கள் என்ற சந்தேகத்தோடுதான் சாண்டவுனில் உள்ள அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்தவர் முதலில் பார்த்தது முதுகு ஓட்டில் ஓடும் பள்ளக்கோடுகளை. கழுத்துப் பள்ளம் எங்கே வளைகிறது, பின்னால் உள்ள கோடு அதோடு சேர்கிறதா, விலகிப் போகிறதா என்பதெல்லாம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். கால்கள் உதிர்ந்து போனாலும் ஓடு நிற்கும், அதனால்தான் வகைப்பாடு இந்தக் கோடுகளை இவ்வளவு நம்புகிறது.

கால்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஐரோப்பிய இறாலுக்கு (லாப்ஸ்டர்) முதல் மூன்று ஜோடிக் கால்களிலும் இடுக்கி உண்டு. நம் ஊர் சிங்கி இறாலுக்குப் பெரிய இடுக்கியே கிடையாது. ஆதர்ஃபீல்டு இறாலின் குடும்பத்துக்கு முன்னங்கால்கள் மிக நீளம், ஆனால் நுனியில் முழு இடுக்கி இல்லை. 1849இல் மெக்காய் என்ற தொல்லுயிரியலாளர் இதற்கு மெயேரியா மாக்னா என்று பெயர் வைத்தார். 2016இல் ஆதர்ஃபீல்டஸ்டாகஸ் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். சில இறால்களின் ஓட்டில் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருந்ததையும் அதே ஆய்வு விவரித்தது.

அருங்காட்சியகத்தில் இருந்தவர் அப்புறம் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சட்டை உரித்துப் போட்ட ஓடு என்றால், முதுகு ஓடு தூக்கிக்கொண்டு வாலிலிருந்து விலகிக் கிடக்கும். என் கல்லில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் இது வெறும் ஓடாக இல்லாமல், செத்ததும் சேற்றில் சீக்கிரமே மூடப்பட்ட இறாலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார்.

இதன் தூரத்து உறவுகளான கிளைஃபியா என்ற இறால் வகையினர் அடியோடு அழிந்துவிட்டதாகவே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1908இல் ஆல்பட்ராஸ் என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் பிலிப்பைன்ஸ் கடலில் பிடித்த ஒன்று அமெரிக்க அருங்காட்சியகத்தில் கவனிக்கப்படாமலே கிடந்தது. 1975இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஃபொரேவும் த சேன் லோரானும் அது யாரென்று கண்டு நியோகிளைஃபியா என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே அங்கே போய் இன்னும் சிலவற்றை உயிரோடு பிடித்தார்கள்.

அந்தக் கரைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: காலும் தலையும் இல்லாத உருண்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எடுத்த இடத்தைப் படத்தோடு குறித்து வைத்து, பள்ளக்கோடு தெரிகிற பக்கத்தைச் சுரண்டாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.