ஸ்டேண்டிங் ஸ்டார்ட்டில் 880 வாட்டைத் தாண்டவில்லை, மீட்டர் போய்விட்டதா? (உதவி)

மூணாம்வளைவு · வியாழன், இரவு 11.52

வணக்கம். அவசரம். சனிக்கிழமை கோச்சிடம் நம்பர் காட்ட வேண்டும். ஜிம் சைக்கிளில் எனக்கு 1,300 வாட் வருகிறது. சைக்கிள் டிராக்கில் ஸ்டேண்டிங் ஸ்டார்ட் (நின்ற இடத்திலிருந்து கிளம்புவது) போட்டால் 880-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. மூன்று வாரமாக இதே கதை. கியர் மாற்றினேன், செயின் மாற்றினேன், பவர் மீட்டரில் (மிதிக்கிற வாட்டை அளப்பது) பேட்டரி புதுசு. மீட்டர் போய்விட்டதா? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கொரட்டூர்_செயின் · வெள்ளி, காலை 6.10

மீட்டர் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள், எந்த மீட்டர் என்று சொல்லவே இல்லையே. கிராங்கிலா (பெடல் மாட்டுகிற கை), பெடலிலா, ஸ்பைடரிலா (கிராங்கையும் முன் பல்சக்கரத்தையும் இணைப்பது)? எந்த டிராக்? கியர் என்ன? கிராங்க் நீளம்? திரையில் பார்ப்பது அந்த நொடியின் வாட்டா, 3 நொடி சராசரியா? ஜிம்மில் வந்த 1,300 நின்ற இடத்திலிருந்து எடுத்ததா, சுற்றிக்கொண்டே இருந்து திடீரென்று ஏற்றியதா? இதெல்லாம் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

பெடல்பாண்டி · காலை 6.34

இது மீட்டர் விஷயமே இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பின் சக்கரம்தான். ஸ்டார்ட்டில் எழுந்து மிதிக்கும்போது செயின் வலது பக்கத்தை இழுக்கும், அச்சு முன்னால் நகரும், டயர் இடது செயின்ஸ்டேயில் (பின் சக்கரத்தை ஒட்டிப் போகும் ஃபிரேம் குழாய்) போய் உரசும். நட்டின் விளிம்பை ஒட்டி ஃபிரேமில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஒரே ஒரு ஸ்டார்ட் போட்டுவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் 15 மில்லி ஸ்பேனரை எடுத்து முறுக்க வேண்டியதுதான். நானே ஒரு சீசன் முழுக்கக் கால் போய்விட்டது என்று புலம்பியிருக்கிறேன். கடைசியில் குனிந்து பார்த்தால் செயின்ஸ்டேயின் உட்புறத்தில் பெயிண்ட் தேய்ந்து கார்பன் தெரிகிறது.

மூணாம்வளைவு · காலை 7.05

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், அதனால் சுருக்கமாக. டிராக் மலேசியாவின் நீலாய். கியர் 52-14 (முன்னால் 52 பல், பின்னால் 14), அதற்கு முன்பு 49-14. கிராங்க் 165 மில்லி. ஜிம்மில் எடுத்தது சுற்றிக்கொண்டே ஏற்றியது. சக்கரம் நகரவில்லை, கோடு போட்டு ஏற்கெனவே பார்த்தாயிற்று.

கொரட்டூர்_செயின் · காலை 7.09

மீட்டர்???

சுண்டுவிரல் · காலை 8.15

எனக்குத் தெரிந்துவிட்டது. ரோடு சைக்கிளிலிருந்து மாற்றிய மீட்டராக இருக்கும், ஆப்பில் கிராங்க் நீளம் இன்னும் 172.5 என்றே இருக்கும். 165 என்று மாற்றுங்கள், சரியாகிவிடும்.

கொரட்டூர்_செயின் · காலை 8.31

பெடல் மீட்டராக இருந்தால் அந்த நீளம் முக்கியம்தான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 172.5-ஐ 165-ஆல் வகுத்தால் 1.045. நீளத்தைக் கூட்டிப் போட்டால் வாட்டும் நாலரை சதவீதம் கூடுதலாகத்தான் காட்டும். நீங்கள் சொன்னதைச் செய்தால் அவருடைய 880 இன்னும் இறங்கி 842 ஆகிவிடும். பாவம், விட்டுவிடுங்கள்.

டிராக்_தாத்தா · காலை 9.20

இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனை தடவை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. சரி, இன்னொரு தடவை எழுதுகிறேன், கவனமாகப் படி தம்பி.

வாட் என்பது மிதிக்கிற பலம் மட்டும் இல்லை. முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வருவது. ஸ்டார்ட்டிங் கேட் விடுவிக்கும் அந்தக் கணத்தில் உன் பலம் உச்சத்தில் இருக்கும், சுழற்சி பூஜ்யம், ஆகவே வாட்டும் பூஜ்யம். 200 நியூட்டன் மீட்டர் முறுக்கி நிமிடத்துக்கு 40 சுற்று சுற்றினால் சுமார் 840 வாட். முறுக்கு 110-ஆகக் குறைந்தாலும் 120 சுற்றில் அதே கால் 1,380 வாட் கொடுக்கும். ஸ்பிரின்டருக்கு உச்ச வாட் வருவது ஏறக்குறைய அந்த 120 சுற்றுப் பக்கத்தில். நீ 52-14 போட்டிருக்கிறாய். ஒரு சுற்றுக்கு சைக்கிள் சுமார் 7.8 மீட்டர் போகும். அரை லாப் 125 மீட்டர், அதாவது மொத்தமே 16 சுற்று. அதற்குள் 120-ஐத் தொடவே மாட்டாய். கியரை இறக்கு. மீட்டரைக் குறை சொல்லாதே, காலைப் பார்.

நெகிரி_எக்ஸ்பிரஸ் · காலை 10.02

தாத்தா சொல்கிற பௌதிகம் சரி. ஆனால் தம்பியே எழுதியிருக்கிறார் பாருங்கள், 49-14-ல் இருந்து 52-14-க்கு மாற்றியும் அதே 880 என்று. கியர்தான் குற்றவாளி என்றால் நம்பர் கொஞ்சமாவது அசைந்திருக்க வேண்டாமா?

தம்பி, 880 வந்த அந்த நொடியில் கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு என்று ஃபைலைத் திறந்து பாருங்கள்.

டிராக்_தாத்தா · காலை 10.40

மூன்று பல் வித்தியாசத்தில் என்ன அசையும்? நாங்கள் ஓட்டிய காலத்தில் 90, 92 இஞ்ச் சின்னக் கியர்தான். அதில் சுற்றத் தெரிந்தவன்தான் ஸ்பிரின்டர். இப்போது எல்லாரும் லாரி டயர் மாதிரி செயின்ரிங் மாட்டிக்கொண்டு வந்து வாட் வரவில்லை என்கிறார்கள்.

நெகிரி_எக்ஸ்பிரஸ் · காலை 11.15

தாத்தா, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்து ஸ்பிரின்டர் ஹாரி லாவ்ரெய்சன் ஃப்ளையிங் 200 மீட்டரை (ஓட்டத்திலேயே வந்து எடுப்பது) 9.088 நொடியில் போனார். மணிக்கு 79 கிலோமீட்டர். உங்கள் 92 இஞ்சில் அந்த வேகம் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 180 சுற்று சுற்ற வேண்டும். 120 இஞ்சில் 138 போதும். எந்த மனிதக் கால் 180-ல் முழு வாட்டும் கொடுக்கும்? பெரிய கியர் ஒன்றும் ஸ்டைலுக்கு இல்லை. அதோடு முன்னும் பின்னும் பல்சக்கரம் பெரிதானால் செயின் இழுவை குறையும், வளைகிற கோணமும் குறையும், உராய்வில் போகிற வாட் மிச்சம்.

டிராக்_தாத்தா · காலை 11.31

லாவ்ரெய்சனும் இந்தத் தம்பியும் ஒன்றா?

கீழ்வளைவு_கோபி · மதியம் 12.20

கியரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஃபிரேம்தான். தம்பி ஓட்டுவது பழைய ஸ்டீல் ஃபிரேமாக இருந்தால் பாதி வாட் ஃபிரேம் வளைவதிலேயே போயிருக்கும்.

பெடல்பாண்டி · மதியம் 12.41

அப்படியென்றால் ஜப்பானில் கெய்ரின் டிராக் பந்தயம் ஓட்டுபவர்கள் எல்லாம் முட்டாள்களா? 1948-ல் கொகுராவில் ஆரம்பித்ததிலிருந்து இன்றுவரை அங்கே பந்தயம் பெரும்பாலும் ஸ்டீலில்தான். அந்த ஸ்டீல் சைக்கிளில் என்ஜேஎஸ் முத்திரை (கெய்ரின் அமைப்பின் அங்கீகாரம்) இல்லாத ஒரு நட்டைக் கூட மாட்ட முடியாது. ஜனங்கள் பணம் கட்டுகிற பந்தயம், அதனால் சைக்கிள் சமமாக இருக்க வேண்டும் என்று விதி. அந்த ஆட்கள் மிதிக்கிற மிதிக்கு வளையாத ஸ்டீலா நம்மவர் மிதிக்கு வளையப் போகிறது?

கொரட்டூர்_செயின் · மதியம் 12.50

கோபி, மீட்டர் கிராங்கில் இருந்தாலும் பெடலில் இருந்தாலும் அளப்பது கால் கொடுப்பதைத்தான். ஃபிரேம் வளைவது அதற்குப் பிறகு நடக்கிற சங்கதி. ஃபிரேம் வாட்டைத் தின்றால் வேகம் குறையும், மீட்டரில் நம்பர் குறையாது. தம்பியின் புகார் நம்பரைப் பற்றி.

கீழ்வளைவு_கோபி · மதியம் 1.05

நான் பொதுவாகச் சொன்னேன்.

சுண்டுவிரல் · மதியம் 1.30

880-ஐ ஏன் இவ்வளவு கேவலமாகப் பார்க்கிறீர்கள்? ஜெர்மன் ஸ்பிரின்டர் ராபர்ட் ஃபோர்ஸ்டமன் அந்தத் தொடையை வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தே 700 வாட் டோஸ்டரில் ஒரே ஒரு ரொட்டித் துண்டை வாட்டிவிட்டுக் கீழே சரிந்தார். நம் தம்பி வெண்ணெயே உருக்குவார்.

நெகிரி_எக்ஸ்பிரஸ் · மதியம் 1.44

அவர் அந்த 700-ஐ ரொட்டி வேகும் வரை விடாமல் பிடித்தார். இது ஒரு நொடி உச்சம். இரண்டையும் சேர்த்துக் குழப்பாதீர்கள்.

மூணாம்வளைவு · மாலை 6.48

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஃபைல் பார்த்தேன். 880 வந்தபோது கேடன்ஸ் 104. திரையில் பார்ப்பது 1 நொடி மேக்ஸ். ஃபிரேம் கார்பன்தான். மீட்டர் இடது கிராங்கில் இருப்பது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சீரோ ஆஃப்செட் (மீட்டரைப் பூஜ்யத்துக்குச் சரிசெய்வது) தினமும் போடுகிறேன்.

கொரட்டூர்_செயின் · மாலை 6.55

இடது கிராங்க்! இதைத்தான் ஐயா காலை 6 மணியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேடன்ஸ் 104 என்றால் தாத்தாவின் 120-க்குப் பக்கம்தான், கியரை விடுங்கள்.

இடது பக்க மீட்டர் வலது காலைப் பார்ப்பதே இல்லை. இடது கால் கொடுப்பதை அளந்து இரண்டால் பெருக்கித் திரையில் போடுகிறது, அவ்வளவுதான். உங்கள் 880 என்பது இடது கால் கொடுத்த 440. வலது கால் என்ன கொடுத்தது என்று உங்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. ஜிம் சைக்கிள் இரண்டு காலையும் சேர்த்து அளக்கிறது. இரண்டு கேள்வி. ஒன்று, ஸ்டார்ட்டில் எந்தக் காலை முன்னால் வைக்கிறீர்கள்? இரண்டு, எந்தக் கால் பலம்?

இன்னொன்று. சீரோ ஆஃப்செட் போடும்போது பெடலில் கால் இருக்கக் கூடாது. வெயிலில் நின்ற காரிலிருந்து இறக்கிய கையோடும் போடாதீர்கள். உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுப் போடுங்கள்.

மூணாம்வளைவு · மாலை 7.10

வலதுதான் முன்னால். வலதுதான் பலம். போன வருடம் இடது முட்டியில் ஏசிஎல் (முட்டித் தசைநார்) ஆபரேஷன் ஆனது, ஆனால் இப்போது வலி எல்லாம் இல்லை, அதனால் சொல்லவில்லை.

பெடல்பாண்டி · மாலை 7.12

அடப்பாவி.

நெகிரி_எக்ஸ்பிரஸ் · மாலை 7.14

என்ன தம்பி இது, வயிற்று வலி என்று டாக்டரிடம் போய் நேற்று சாப்பிட்டதைச் சொல்லாமல் வந்த மாதிரி.

கொரட்டூர்_செயின் · மாலை 7.25

வலி இல்லை என்பதும் பலம் திரும்பிவிட்டது என்பதும் வேறு வேறு. ஆபரேஷன் ஆன பக்கத்துத் தொடை மறுபடி தேற நாளாகும். நடக்கும்போது தெரியாது. 52-14-ல் நின்று மிதிக்கும்போது உடம்பு தானாக நல்ல காலிடம் வேலையைத் தள்ளிவிடும். உங்கள் மீட்டர் நோஞ்சான் காலை மட்டும் பிடித்து இரட்டிப்பாக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை கோச்சிடம் ஸ்பைடரில் அளக்கிற மீட்டர் இருந்தால் ஒரு மணி நேரம் கடன் கேளுங்கள். ஒரே நாள், ஒரே கியர், உங்கள் கிராங்கில் இரண்டு ஸ்டார்ட், அவருடையதில் இரண்டு. நடுவில் நன்றாக ஓய்வு. அப்புறம் பேசுவோம்.

சுண்டுவிரல் · இரவு 8.02

கால் என்றதும் மலேசிய ஸ்பிரின்டர் அசிசுல்ஹஸ்னி அவாங் ஞாபகம் வருகிறது. 2011-ல் மான்செஸ்டரில் கெய்ரினில் விழுந்து, டிராக்கின் மரச் சிராய் கெண்டைக்காலில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர். அதோடு எழுந்து சைக்கிளில் ஏறி மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினார். பிறகு 2016-ல் ரியோவில் வெண்கலம், 2017-ல் உலக சாம்பியன், டோக்கியோவில் வெள்ளி. பயப்படாதீர்கள் தம்பி.

கீழ்வளைவு_கோபி · இரவு 8.30

அது சரி, அவாங்கின் ஃபிரேம் என்ன ஸ்டீலா?

பெடல்பாண்டி · இரவு 8.33

மறுபடியும் ஆரம்பிக்காதீர்கள்.

டிராக்_தாத்தா · இரவு 9.15

ஷூவைப் பெடலோடு கட்டுகிற ஸ்ட்ராப் போடுகிறாயா? க்ளீட்டை (ஷூவின் அடியில் பெடலில் மாட்டுகிற கொக்கி) மட்டும் நம்பி ஸ்டார்ட் போட்டால் மேலே இழுக்கும்போது கால் கழன்று வரும். ஆபரேஷன் ஆன முட்டியோடு ஃபிக்ஸ்டு கியரில் கால் கழன்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெடல் நிற்காது. இரண்டு ஸ்ட்ராப், இறுக்கமாக. இதை யாரும் சொல்லவில்லை பார்.

நெகிரி_எக்ஸ்பிரஸ் · இரவு 9.20

இது நல்ல பாயிண்ட். தாத்தாவுக்கு ஒரு டீ.

மூணாம்வளைவு · ஞாயிறு, இரவு 10.37

கோச்சிடம் ஸ்பைடரில் அளக்கிற பழைய எஸ்ஆர்எம் மீட்டர் இருந்தது. அதில் 1,120, 1,105. என் கிராங்கில் 884, 871. பிசியோவிடம் திங்கள் போகிறேன். எல்லாருக்கும் நன்றி.

கொரட்டூர்_செயின் · ஞாயிறு, இரவு 10.51

இரண்டு மீட்டரும் ஒழுங்கு என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,120, அதில் இடது 442. மிச்சம் 678 வலது. நாற்பதுக்கு அறுபது. மீட்டர் போகவில்லை, தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. ஜிம்மின் 1,300 ஓட்டத்திலேயே ஏற்றியது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிசியோவிடம் இந்த இரண்டு எண்களையும் மறக்காமல் சொல்லுங்கள். முட்டி ஆபரேஷனையும் சேர்த்து!

டிராக்_தாத்தா · ஞாயிறு, இரவு 11.04

நான் வெள்ளிக்கிழமையே எழுதினேன். மீட்டரைக் குறை சொல்லாதே, காலைப் பார் என்று. யாரும் படிப்பதில்லை.

பெடல்பாண்டி · ஞாயிறு, இரவு 11.10

தாத்தா, நீங்கள் அதைக் கியருக்குச் சொன்னீர்கள்.

டிராக்_தாத்தா · ஞாயிறு, இரவு 11.12

எதற்குச் சொன்னால் என்ன, சொன்னேனா இல்லையா?

புதுக்_கிராங்க் · புதன், மதியம் 2.26

அண்ணே, இழையை இப்போதுதான் பார்த்தேன். அந்த இடது கிராங்கை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். எனக்கு வலது கால்தான் வீக்.