கார்டனுக்குள் அம்மாவுக்கு ஒரு அறை: உங்களுக்கு என்ன நடந்தது?

வடமராட்சியான்:
லண்டன் வீடு. கார்டன் கடைசியில் அம்மாவுக்கு அறை கட்டினேன். "உயரம் இரண்டரை மீட்டர் தாண்டாவிட்டால் கவுன்சில் பெர்மிஷன் தேவையில்லை" என்றார் கட்டினவர், நம்பினேன். ஒரு நாள் காலை கவுன்சிலில் இருந்து ஓர் இளம்பெண் வந்து நின்றார். ஜிம் என்று சொல்வதாக நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம். நான் வாய் திறக்க முன்னமே அம்மா உள்ளேயிருந்த கரண்ட் அடுப்பில் தேத்தண்ணி போட்டு நீட்டி, "மை ஹவுஸ்" என்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி அது. அந்தப் பிள்ளை கப்பை வாங்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டே இருந்தது. பிறகு நோட்டீஸ் வந்தது, அதை விடுங்கள். "தேத்தண்ணி சரியில்லையோ தம்பி?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறார்.

கணக்கர்:
அண்ணை, தேத்தண்ணியில் பிழையில்லை. அந்த இரண்டரை மீட்டர், வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டும் கொட்டிலுக்கும் ஜிம்முக்கும்தான். ஆள் சமைத்துப் படுத்து வாழ்கிற இடம் என்றால் உயரம் எவ்வளவானாலும் விண்ணப்பம் போட வேண்டும். நான் மாமிக்குப் போட்டேன், 8 வாரத்தில் கிடைத்தது; தனியாக வாடகைக்கு விடக்கூடாது என்று ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். மற்றவர்களும் கேளுங்கள்: தனிக் கதவிலக்கம், தனி மீட்டர் எல்லாம் வைக்கப் போகாதீர்கள். கவுன்சில் வரி தனியாக வரலாம். இருப்பவர் 65 தாண்டிய, உங்களை நம்பி வாழும் உறவினர் என்றால் விலக்கு உண்டு, நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டோடு ஒட்டிக் கட்டினால் அதற்கு வேறு விதி.

ரோசாச்செடி:
எனக்கு அடுப்பும் இல்லை, கட்டிலும் இல்லை. மகளின் பியானோ மட்டும். வந்தவர் டேப்பின் அடிமுனையை என்னையே பிடிக்கச் சொன்னார். முழங்காலில் இருந்து பிடித்தேன். 2.54. நாலு சென்டிமீட்டருக்காகக் கூரையைக் கழற்றினோம்.

சும்மா வந்தவன்:
இவ்வளவு பயம் தேவையா? கட்டி நாலு வருஷம் சத்தமில்லாமல் இருந்தால் பிறகு கவுன்சில் கை வைக்க முடியாது. என் மச்சான் அப்படித்தான் தப்பினார்.

கணக்கர்:
அது பழைய கதை தம்பி. 2024 ஏப்ரல் 25க்குப் பிறகு கட்டி முடித்ததென்றால் 10 வருஷம். வேண்டுமென்றே ஒளித்துக் கட்டினால் அதுவும் கைகொடுக்காது. 2013இல் லண்டனுக்குப் பக்கத்து ஸ்லோ நகரில் இப்படி ஆள் வாழும் கொட்டில்களை விமானத்திலிருந்து வெப்பப் படம் எடுத்தே தேடினார்கள். மச்சானைக் கேட்டு எழுதாதீர்கள்.

வடமராட்சியான்:
விண்ணப்பம் போட்டாயிற்று. அடுப்பைக் கழற்றிவிட்டேன். அம்மா வீட்டுக்குள் தேத்தண்ணி போட்டு, பிளாஸ்கில் அங்கே கொண்டுபோகிறார். எங்கே படுக்கிறார் என்று இங்கே எழுதமாட்டேன்.