சால்ஸ்பர்க் படப்பிடிப்பு இடங்களைக் காட்டும் பேருந்துச் சுற்றுலா: சிக்கனமாகப் பயணம் செய்பவர்களுக்கு ஏற்றதா?

அடையாறு வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் அம்மாவையும் கல்லூரியில் படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு ஜெர்மனியின் மியூனிக்கில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குச் செல்கிறோம். தங்கும் செலவு இல்லை என்பதால்தான் இந்தப் பயணமே எங்களுக்குக் கைகூடியது. மற்ற செலவுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அம்மாவின் ஒரே ஆசை, பள்ளிப் பருவத்தில் திரையரங்கில் பார்த்த 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்ற ஆங்கிலப் படம் (மடத்திலிருந்து வந்த மரியா ஒரு வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடக் கற்றுத்தருவதும், அந்தக் குடும்பம் நாஜிகளிடமிருந்து தப்புவதும் கதை) எடுக்கப்பட்ட, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரைப் பார்க்க வேண்டும் என்பது. அந்த இடங்களை வழிகாட்டியுடன் சுற்றிக் காட்டும் நான்கு மணி நேரப் பேருந்துச் சுற்றுலாவுக்கு ஆள் ஒருவருக்கு 60 யூரோவை ஒட்டிக் கட்டணம் கேட்கிறார்கள். மூவருக்கு 180 யூரோ என்றால் நம் பணத்தில் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. ஒரு நாள் மட்டும் மியூனிக்கிலிருந்து போய் வர எண்ணியிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், படி ஏறுவது கடினம். இந்தப் பணத்தைக் கொடுப்பது தகுமா, அல்லது நாங்களே பார்த்துக்கொள்ள முடியுமா? சென்று வந்தவர்கள் சொல்லுங்கள்.

தோள்பை எழுதியது:

கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து, சகோதரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுற்றுலா காட்டும் இடங்களில் பெரும்பாலானவை யாரும் காசு கேட்காமல் உள்ளே விடும் பொது இடங்கள். குழந்தைகள் பாடிக்கொண்டே ஏறும் படிக்கட்டும் சிறகுள்ள குதிரைச் சிலை நிற்கும் நீரூற்றும் மிராபெல் தோட்டத்தில் இருக்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடைக்குள் அந்தத் தோட்டம் வந்துவிடும், நுழைவுக் கட்டணம் கிடையாது. காதலர்கள் பாடும் கண்ணாடி மண்டபம் ஹெல்புருன் அரண்மனைப் பூங்காவில் நிற்கிறது. அரண்மனைக்கும் அங்குள்ள வேடிக்கை நீரூற்றுகளுக்கும்தான் டிக்கெட், பூங்காவுக்கு இல்லை. 25ஆம் எண் நகரப் பேருந்து அங்கேயே கொண்டுபோய் விடுகிறது. படத்தின் குளக்கரைக் காட்சிகளோடு தொடர்புள்ள லியோபோல்ட்ஸ்கிரோன் மாளிகை இப்போது விடுதியாக இருப்பதால், பணம் கட்டி வரும் சுற்றுலாப் பயணிகளும் அதன் வளாகத்துக்குள் போவதில்லை. குளத்தின் எதிர்க்கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதே கரையில் நீங்களும் நிற்கலாம், அது பொதுப் பாதை.

நாம் கொடுக்கும் 60 யூரோவுக்கு எந்தக் கதவாவது திறக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நியூசிலாந்தில் மாடமாடாவுக்கு அருகே, தனியாருக்குச் சொந்தமான ஆட்டுப் பண்ணையில் அமைந்த, 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களின் ஹாபிட்டன் படப்பிடிப்புத் தளத்துக்குள் வழிகாட்டி இல்லாமல் காலடி வைக்க முடியாது. அங்கே வழிகாட்டிக் கட்டணம்தான் நுழைவுச்சீட்டு. வேண்டுமானால் கட்டு, இல்லையென்றால் வராதே என்கிறார்கள், அதில் விவாதத்துக்கு இடமில்லை. சால்ஸ்பர்க்கில் அந்த நிலை இல்லை.

ஏரிக்கரை எழுதியது:

நண்பர் தோள்பை இளைஞரின் கால்களை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. கேட்டவர் முழங்கால் வலி உள்ள தாயாரை அழைத்துச் செல்கிறார். மிராபெல்லில் ஒரு நடை, ஹெல்புருனுக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து லியோபோல்ட்ஸ்கிரோன் குளத்துக்குச் செல்ல மீண்டும் நகருக்குள் வந்து வேறொரு பேருந்து, நிறுத்தத்திலிருந்து குளக்கரைக்கு இன்னொரு நடை என்று அலைந்தால் பிற்பகலில் அந்த அம்மா எங்காவது உட்கார்ந்துவிடுவார். சுற்றுலாப் பேருந்து இவற்றை ஒரே கோட்டில் இணைக்கிறது.

அதைவிட முக்கியமானது நகருக்கு வெளியே இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் வானிலிருந்து காட்டப்படும் ஏரிகளும் மலைகளும் நகரில் இல்லை. கிழக்கே சால்ஸ்கம்மர்கூட் பகுதியில் இருக்கின்றன. திருமணக் காட்சி எடுக்கப்பட்ட புனித மிக்கேல் தேவாலயம் மோன்ட்சே என்ற ஏரிக்கரை ஊரில் உள்ளது. நான்கு மணி நேரத்தில் பாதிக்கு மேல் இந்தப் பக்கம்தான் செலவாகிறது. வோல்ப்காங் ஏரியை மேட்டிலிருந்து பார்க்கும் இடத்தில் பேருந்து நின்றபோது, எங்களுடன் வந்த முதியவர்கள் பலர் பேச்சை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வளைவில் அரசுப் பேருந்து நமக்காக நிற்காது.

இன்னொன்று, மழை. ஜூன், ஜூலை மாதங்கள் அந்த ஊரில் மழை மிகுந்த காலம். விடாமல் நூலாகப் பெய்யும் தூறலுக்கு அவர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நிறுத்தங்களில் குடையோடு காத்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

தோள்பை எழுதியது:

மழையையும் மேட்டுக் காட்சியையும் ஏற்கிறேன். மோன்ட்சேயைப் பொறுத்தவரை ஏற்க முடியாது. மிராபெல் சதுக்கத்திலேயே நின்று செல்லும் 140ஆம் எண் பேருந்து நேராக மோன்ட்சேக்குப் போகிறது; ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். ஒரு வழிக்கு ஆளுக்குப் பத்து யூரோவைத் தாண்டாது. தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை. சுற்றுலாப் பேருந்தில் போனால் அங்கே ஒரு மணி நேரம்தான் விடுவார்கள், அதற்குள் தேவாலயத்தையும் பார்த்துத் தேநீரும் குடிக்க வேண்டும். தனியாகப் போனால் ஏரிக்கரை வரை நடந்து, மாலை வரை உட்கார்ந்திருக்கலாம்.

ரயில்நேரம் எழுதியது:

இருவரும் சால்ஸ்பர்க்கில் விடிந்ததாக வைத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். கேட்டவர் மியூனிக்கிலிருந்து வருகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

குடும்பமாகச் செல்வோருக்கு மலிவான வழி, மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் ஒரு நாள் ரயில் டிக்கெட். ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம். எல்லைக்கு அப்பால் இருந்தாலும் சால்ஸ்பர்க் தலைமை ரயில் நிலையம் வரை அது செல்லும். ஆனால் அதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. விரைவு ரயில்களில் ஏற முடியாது, வட்டார ரயில்களில் மட்டுமே செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லும். வட்டார ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும் என்பதால், நீங்கள் சால்ஸ்பர்க்கில் இறங்கும்போது மணி பதினொன்றை நெருங்கிவிடும். காலைச் சுற்றுலா ஒன்பதரை மணிக்கு முன்பே புறப்பட்டிருக்கும். பிற்பகல் இரண்டு மணிச் சுற்றுலாவில் ஏறினால் திரும்பி வரும்போது ஆறு மணி. பதினொன்று முதல் இரண்டு வரை மிராபெல்லும் பழைய நகரின் ஓர் ஓரமும் பார்க்கலாம், அதற்கு மேல் ஒன்றும் பார்க்க முடியாது.

ஆகவே ஒரே நாளில் போய்த் திரும்புவதென்றால் 60 யூரோச் சுற்றுலாவை எடுப்பதற்குப் பொருள், பழைய நகரைக் கைவிடுவது. பழைய நகரோ நடப்பவர்களுக்கான பகுதி. பெரிய பேருந்து அதற்குள் நுழையாது. குதிரைகள் நிற்கும் நீரூற்றுள்ள ரெசிடென்ஸ் சதுக்கமும், பாட்டுப் போட்டிக் காட்சி எடுக்கப்பட்ட, பாறையைக் குடைந்து அமைத்த பழைய குதிரைப் பயிற்சிக்கூட அரங்கும் அங்கேதான் இருக்கின்றன. படத்தில் மரியா இருக்கும் நோன்பெர்க் மடம் பழைய நகருக்கு மேலே குன்றில் இருப்பதால் அதையும் பேருந்திலிருந்து அண்ணாந்து பார்ப்பதோடு சரி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கன்னியர் வாழும் மடம் அது. கதையின் மூலமான உண்மை மரியாவுக்கு 1927இல் திருமணம் நடந்த இடமும் அதுவே. படத்தைப் பார்த்துவிட்டு மோன்ட்சேயை மட்டும் தேடிப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதுமே வருத்தம்.

ஏரிக்கரை எழுதியது:

ரயில்நேரம் சொன்ன கணக்கு சரியானது; வார இறுதியில் அந்த 9 மணிக் கட்டுப்பாடு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சனி அல்லது ஞாயிறு விடியற்காலையில் புறப்பட்டால் காலைச் சுற்றுலாவைப் பிடித்துவிடலாம்.

வழிகாட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாம் காசு கொடுப்பது இருக்கைக்கு மட்டும் அன்று. கண்ணாடி மண்டபம் முதலில் லியோபோல்ட்ஸ்கிரோனில் இருந்து பின்னர் ஹெல்புருனுக்கு மாற்றப்பட்டது, உள்ளே நடக்கும் ஆட்டம் ஹாலிவுட்டில் எடுக்கப்பட்டது, மடத்தின் உட்புறமும் குடும்பம் ஒளிந்திருக்கும் கல்லறைத் தோட்டமும் அங்கே போட்ட அரங்குகளே என்பதையெல்லாம் அந்தந்த இடத்தில் நின்று ஒருவர் சொல்லக் கேட்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. படத்தின் முடிவில் அவர்கள் மலையேறித் தப்புகிறார்கள். உண்மையில் 1938இல் அந்தக் குடும்பம் ரயிலேறி இத்தாலிக்குப் போனது. சால்ஸ்பர்க்கை ஒட்டிய உண்டர்ஸ்பெர்க் மலையைக் கடந்திருந்தால் ஹிட்லரின் ஜெர்மனிக்குள்தான் இறங்கியிருப்பார்கள். எங்கள் வழிகாட்டி அந்த மலையைக் காட்டி இதைச் சொன்னபோது பேருந்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனியாகச் செல்பவர்களுக்கு இது கிடைக்காது.

தோள்பை எழுதியது:

இப்போது நீங்கள் எழுதிய பத்தியிலேயே கிடைத்துவிட்டதே, நண்பரே. இதைக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு சகோதரியின் மகன் பாட்டிக்கு அந்தந்த இடத்தில் படித்துக் காட்டட்டும். ஆங்கிலத்தில் ஒலிபெருக்கி வழியே கேட்பதைவிட, பேரன் தமிழில் சொல்வதை அந்த அம்மா கூடுதலாக விரும்புவார் என்று நம்புகிறேன்.

வழிகாட்டிகள் காட்டாத இடங்களும் உண்டு. ரெசிடென்ஸ் சதுக்கத்தில் 1938 ஏப்ரல் 30 அன்று நாஜிகள் நூல்களைக் குவித்து எரித்தார்கள். அதன் நினைவுச்சின்னம் இப்போது அங்கே இருக்கிறது. சுற்றுலாவின் பாதையில் அது வராது, பேருந்து அங்கே போக முடியாது. அந்தப் படத்தை நேசிப்பவர்கள் கதையின் இருண்ட பகுதியையும் பார்க்க வேண்டும் என்றே நான் சொல்வேன். குழந்தைகள் மேட்டுப் புல்வெளியில் முதன்முதலாகப் பாடக் கற்கும் இடம் தெற்கே வெர்ஃபனில் இருக்கிறது. ரயில் நிலையமுள்ள ஊர், அங்கிருந்து பலகைகள் நட்ட நடைபாதையும் உண்டு. அரை நாள் சுற்றுலா அந்தப் பக்கமே திரும்புவதில்லை. (ஏற்றம் இருப்பதால் அம்மாவுக்கு இது வேண்டாம்.)

ஏலக்காய் எழுதியது:

எல்லோரும் இடங்களை அடுக்குகிறீர்கள். அம்மா எதைப் பார்க்க விரும்புகிறார் என்று யாராவது கேட்டீர்களா?

அடையாறு வாசகி எழுதியது:

ஏலக்காய் கேட்ட பிறகு அம்மாவிடமே கேட்டேன். திருமணக் காட்சியில் மணப்பெண் நீண்ட அங்கியோடு நடந்து போகும் தேவாலயமும், பாட்டு முடியும் படிக்கட்டும் போதும் என்கிறார். கண்ணாடி மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன். உள்ளே போக முடியுமா என்று கேட்டார்.

தோள்பை எழுதியது:

முடியாது, கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

அம்மா சொன்ன இரண்டு இடங்களும் 140ஆம் எண் பேருந்தின் இரு முனைகள் என்றே சொல்லலாம். மிராபெல் தோட்டத்தைப் பார்த்துவிட்டு அதன் வாசல் சதுக்கத்திலேயே பேருந்து ஏறி மோன்ட்சேயில் இறங்கினால் தேவாலயத்துக்குச் சில நிமிட நடைதான், ஏற்றமும் இல்லை. படிக்கட்டில் அம்மா ஏற வேண்டியதில்லை. கீழே நின்று பார்த்தால்தான் படத்தில் வந்த காட்சி கண்ணுக்கு வரும். மூவருக்கும் போக வர 60 யூரோவுக்குள் முடியும். அது சுற்றுலாவில் ஒருவருக்கான கட்டணம்.

ரயில்நேரம் எழுதியது:

பவேரியா டிக்கெட் மறுநாள் விடியற்காலை 3 மணி வரை செல்லும் என்பதால் மாலையில் அவசரப்பட வேண்டாம். ஆனால் மோன்ட்சேயில் இறங்கியவுடனே திரும்பும் பேருந்தின் நேரத்தை நிறுத்தத்துப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இடைவெளி கூடுதல்.

ஒரு மாற்று யோசனையும் உண்டு. கையில் இருக்கும் 180 யூரோவில் மூவர் தங்கும் எளிய விடுதி அறை ஒன்றை ஓரிரவுக்கு எடுக்க முடிந்தால் அதையே நான் பரிந்துரைப்பேன். 2025 மே மாதம் முதல், சால்ஸ்பர்க் மாநிலத்தில் இரவு தங்கும் விருந்தினருக்கு அந்த மாநிலத்துக்குள் பேருந்தும் வட்டார ரயிலும் கட்டணமின்றி ஏறத் தங்குமிடமே பயணச்சீட்டு தருகிறது. மோன்ட்சே அடுத்த மாநிலமான மேல் ஆஸ்திரியாவில் இருப்பதால் அந்தச் சீட்டு எதுவரை செல்லும் என்று ஓட்டுநரிடம் கேட்டு ஏறுங்கள். ஹெல்புருன், குளக்கரை எல்லாம் தாராளமாக அதில் அடங்கும். காலை ஏழு மணிக்கு முன்பே நோன்பெர்க் மடத்துத் தேவாலயத்தில் கன்னியர் பாடுவதை விரும்பினால் மகன் மட்டும் குன்றேறிக் கேட்டு வரலாம்.

ஏரிக்கரை எழுதியது:

அம்மாவின் விருப்பம் இந்த இரண்டு இடங்கள்தான் என்றால் பேருந்துச் சுற்றுலா வேண்டாம் என்பதில் எனக்கும் தடையில்லை. ஆனால் சிக்கனப் பயணி எவருக்கும் அது ஏற்றதல்ல என்று தோள்பை தொடக்கத்தில் சொன்னதை இப்போதும் மறுக்கிறேன். வியன்னாவிலிருந்து இரண்டரை மணி நேர ரயிலில் வந்து அன்றே திரும்புகிறவர், தனியாக வரும் முதியவர், வெளிநாட்டுப் பேருந்துகளில் ஏறி இறங்கிப் பழகாதவர் ஆகியோருக்கு நான்கு மணி நேரத்தில் ஏரிகளையும் சேர்த்துக் காட்டும் ஏற்பாடு வேறு இல்லை. ஊருக்கு இவ்வளவு தூரம் செலவழித்து வந்துவிட்டு, கடைசி 60 யூரோவைச் சேமித்ததால் பார்க்க வந்ததில் பாதியைப் பார்க்காமல் திரும்பியவர்களை நான் அறிவேன். அதைச் சிக்கனம் என்று என்னால் எண்ண முடியவில்லை.

தோள்பை எழுதியது:

வழி தெரியாமல் தவிப்பவருக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 60 யூரோ என்பது நம்மில் பலருக்குக் கடைசியாக மிஞ்சும் தொகை அல்ல. இரண்டு நாள் சாப்பாடும் போக்குவரத்தும் அதில் அடங்கும். அதைக் கொடுக்கும்படி ஒருவருக்குச் சொல்லும் முன், அவருக்கு 140ஆம் எண் பேருந்தைக் காட்ட வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

அடையாறு வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை காலை ரயிலில் புறப்பட்டு, மிராபெல்லும் மோன்ட்சேயும் நாங்களே பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். அன்று மழை கனமாக இருந்தால் மட்டும், இடம் இருக்கும் பட்சத்தில், அம்மாவையும் மகனையும் பிற்பகல் இரண்டு மணிச் சுற்றுலாவில் ஏற்றிவிட்டு நான் நோன்பெர்க் மடத்துக்குப் போய் வருவேன்.

ஏரிக்கரை எழுதியது:

ஜூன் மாதச் சனிக்கிழமையில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது அரிது. முன்பதிவு செய்து, வேண்டாமென்றால் முந்தைய நாள் பணத்தைத் திரும்பப் பெறும் வசதி உள்ள சீட்டாகப் பார்த்து வாங்குங்கள். வானிலை அறிவிப்பை வெள்ளிக்கிழமை மதியம் பார்த்து முடிவெடுக்கலாம்.